கதவு மூடித்தான் இருந்துச்சு

சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க சார். நடுவுல சிரிச்சா எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தா பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன், என் சுபாவம் அப்படி. பேய் பிசாசு, காத்து கருப்புன்னு சொல்றவங்களை நான் எவ்வளவு மட்டமாப் பேசியிருக்கேன்னு என் வீட்டுக்காரியைக் கேட்டா சொல்லுவா. குடியிருக்கிறது காளிகாட்ல, கோயிலுக்கு நாலு சந்து தள்ளி, தாயத்து விக்கிறவனும் கை பாக்கிறவனும் வழி நெடுக உக்காந்திருப்பான், ஒருத்தன்கிட்ட கூட இதுவரைக்கும் நான் கையை நீட்டினது இல்ல. இருபத்திரண்டு வருஷமா நான் பார்த்த வேலை ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். மெஷின் கோளாறு பண்ணினா திரையில ஒரு நம்பர் வரும், அந்த நம்பருக்குப் புஸ்தகத்துல ஒரு காரணம் இருக்கும், அதைச் சரி பண்ணினா நம்பர் போயிடும். என் உலகம் அவ்வளவுதான், அதுல இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு இடமே கிடையாது.

என் பேர் செல்வம். அப்பா ரயில்வே வேலைக்குன்னு இந்தப் பக்கம் வந்தவர், நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான், வீட்டுல தமிழ், தெருவுல பெங்காலி. அவங்களுக்கு நம்ம 'வ' வராது, அதனால ஊருக்கே நான் செல்பம். இருக்கட்டும், விஷயத்துக்கு வரேன்.

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லணும், அது தெரியலைன்னா மத்தது புரியாது. எந்த ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளயும் ஒரு கவுன்டர் இருக்கும், இதுவரைக்கும் எத்தனை காப்பி ஓடிச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும், கார்ல கிலோமீட்டர் ஓடுற மாதிரி. அது போக ஒரு கோளாறுப் பட்டியலும் இருக்கும். திரையில வர்ற அந்த நம்பரை நாங்க கோடுன்னு சொல்லுவோம், என்ன கோடு வந்துச்சு, எத்தனையாவது காப்பில வந்துச்சு, அப்புறம் சரியாச்சா இல்லையா, இதெல்லாம் வரிசையா பதிஞ்சு வெச்சிருக்கும். சரியானதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன புள்ளி விழும். நாங்க ரகசிய பட்டன் ரெண்டு அழுத்தி உள்ள போனா அந்தப் பட்டியலைத் தாள்லயே எடுத்துப் பாக்கலாம்.

இப்ப நான் சொல்லப்போறது எங்க தொழில்ல எல்லாரும் பண்றது, ஒருத்தரும் வெளியில சொல்லாதது. பழைய மெஷின் கப்பல்ல கன்டெய்னரா வரும், துடைச்சு, ரப்பர் உருளை எல்லாம் மாத்தி, ஆபீசுக்கு விப்பாங்க. வாங்குறவன் முதல்ல கேக்கறது கவுன்டர் எவ்வளவுன்னுதான். அதனால விக்கிறதுக்கு முன்னாடி கவுன்டரைக் கொஞ்சம் பின்னாடி திருப்பிடுவோம். எங்க முதலாளி சாஹா பாபு, "செல்பம், ஒரு லட்சத்துக்குக் கீழ கொண்டாந்துடு"ம்பாரு, நான் கொண்டாந்துடுவேன். தப்புதான். ஆனா அன்னிக்கு அது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல, தலைக்கு மை அடிச்சுக்கிற மாதிரிதான் நினைச்சேன்.

அந்த மெஷினும் அப்படித்தான் வந்துச்சு. எந்தக் கம்பெனி மெஷின்னு கேக்காதீங்க, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க. கவுன்டரைத் தொண்ணூத்தாறாயிரத்துக்குத் திருப்பினேன். கோளாறுப் பட்டியலையும் கூடவே அழிச்சிருக்கணும், அதான் முறை, அன்னிக்குப் பார்த்து சாஹா பாபு டெம்போ வந்து நிக்குது சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை எடுத்தாரு, மறந்துட்டேன். ஏத்திக்கிட்டுப் போயி டல்ஹௌசி பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல மூணாவது மாடியில இறக்கினோம். இங்க சரஸ்வதி பூஜை தை மாசி வாக்குல வரும், அது முடிஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும்.

அங்க மெஷினைப் பாத்துக்கிறவங்க பேரு மிட்டு. இங்க அக்காவை 'தி'ம்பாங்க, மிட்டுதி. ஐம்பது தாண்டின வயசு, பெஹாலாவுலேர்ந்து தினம் பஸ் புடிச்சு வருவாங்க. புருஷன் போயி ரொம்ப வருஷம் ஆச்சு, ஒரே பொண்ணு ரினி, நர்சிங் கடைசி வருஷம் படிச்சுக்கிட்டிருந்தா. அந்த ஆபீஸ்ல மெஷின் இருந்தது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ரூம், சுத்தி சிவப்பு நாடா கட்டின கட்டு கட்டா பைல், நடுவுல இவங்க. காலையில வந்ததும் மெஷினோட கண்ணாடியைப் புடவைத் தலைப்பால துடைப்பாங்க, நான் கீறல் விழும்னு கத்துவேன், சரி சரின்னுட்டு மறுநாளும் அதையேதான் பண்ணுவாங்க. கத்துறவனுக்கும் ஒரு டப்பால பொரியும் கடுகெண்ணெயும் கலந்து வெச்சிருப்பாங்க. "கோபக்காரனுக்குப் பசி ஜாஸ்தி"ன்னு சொல்லிக்கிட்டே நீட்டுவாங்க. கூடப் பொறந்தவங்க யாரும் இல்லாத எனக்கு அந்த டப்பா பெரிய விஷயம் சார்.

முதல் கோளாறு வந்தது ரெண்டாவது மாசம். கோடு 211, அதாவது ரெண்டாவது தட்டுல தாள் சிக்கிக்கிச்சு. போயி எடுத்துட்டுப் பழக்கதோஷத்துல பட்டியலை பிரின்ட் எடுத்தேன். பார்த்தா பழைய வரி ஒம்போதும் அப்படியே இருக்கு, எல்லாம் ஒரு லட்சத்துக்கு மேல உள்ள கவுன்டர் நம்பரோட. சே, அழிக்க மறந்துட்டோமேன்னு பக்குன்னு ஆச்சு, வக்கீல் ஆபீஸ் வேற, எவனாவது பார்த்தா குட்டு உடைஞ்சு போகும். அழிக்கலாம்னு விரலை வெச்சப்போதான் கவனிச்சேன். மேல புதுசா விழுந்திருக்கிற வரி, 211, ஒரு லட்சத்து நாலாயிரத்து இருநூத்தி பன்னெண்டு. அடியில பழசுல முதல் வரி, 211, ஒரு லட்சத்து நாலாயிரத்து இருநூத்தி பன்னெண்டு. சரி, ஏதோ ரெண்டு தடவை பதிஞ்சிருக்குன்னு நினைச்சேன். அழிக்கலை, தாளை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஏன் அழிக்கலைன்னு கேட்டா தெரியாது.

அடுத்தது சூடு ஏறலைன்னு 540. ஒரு லட்சத்து ஒம்பதாயிரத்து எண்ணூத்தி எழுபத்தி ஏழு. பையில இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன், ரெண்டாவது வரி, 540, அதே நம்பர், ஒத்தைக் காப்பி முன்ன பின்ன இல்ல. நீங்க நம்பினாலும் சரி நம்பாட்டியும் சரி, அப்பக்கூட எனக்குப் பயம் வரல, எரிச்சல்தான் வந்துச்சு. மெஷின் என்னைக் கேலி பண்ற மாதிரி.

மூணாவது வரி மறுபடியும் 211. வரட்டும் பாத்துடறேன்னு அந்த நம்பர் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே போயி தாள் இழுக்கிற ரப்பர் அத்தனையும் புதுசாப் போட்டேன். அந்த நம்பர் வர்ற அன்னிக்கு நானே பக்கத்துல நின்னேன். சரியா அந்தக் காப்பியில டக்குனு நின்னுச்சு. திறந்தா ரப்பர் எல்லாம் பளபளன்னு இருக்கு, யாரோ குண்டூசியோட ஒரு தாளைத் தட்டுல வெச்சிருக்காங்க. நாலாவது வரி சூடு, அதுக்குப் புது ஹீட்டர் போட்டேன், அந்த நேரம் பார்த்துக் கட்டடத்துக்கே கரண்டு ஏறி இறங்கிச்சு. இப்படியே அஞ்சு, ஆறு. நான் எந்தப் பக்கம் அடைச்சாலும் இன்னொரு பக்கமா வந்துச்சு. மிட்டுதிக்கு ஒண்ணும் தெரியாது, "நீ வர்ற அன்னிக்குத்தான் இது கெட்டுப் போகுது, உன் மூஞ்சியைப் பார்த்துப் பயப்படுது"ன்னு சிரிப்பாங்க. கெட்டுப் போற அன்னிக்குத்தான் நான் வரேன்னு எப்படிச் சொல்றது.

இப்ப நான் கடைசி வரிக்கு வரணும். ஒம்போதாவது வரி, கோடு 083, ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூத்தி ஆறு. 083ன்னா முன் கதவு திறந்திருக்கு. இதை விட அற்பமான கோடே கிடையாது சார், கதவைச் சாத்தினா போயிடும், இதுக்கெல்லாம் எங்களைக் கூப்பிட்டா நாங்க போன்லயே திட்டுவோம். ஆனா மத்த எட்டு வரிக்கும் பக்கத்துல சரியாச்சுன்னு புள்ளி இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல. கம்பெனியில நாங்க சாமான் வந்த அன்னிக்குக் கவுன்டரை ஒரு நோட்டுல குறிச்சு வைப்போம், திருப்பறதுக்கு முன்னாடி. அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நோட்டுலயும் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூத்தி ஆறு. அதாவது அந்தக் கதவுக் கோடு வந்ததுக்கு அப்புறம் ஒரு தாள் கூட அந்த மெஷின்ல ஓடல.

அன்னிக்கு ராத்திரி முழுக்க அதையேதான் யோசிச்சேன். திறந்த கதவை ஒருத்தன் ஏன் சாத்தாம போவான்? ஒவ்வொரு ஆபீஸ்லயும் மெஷின் கதவைச் சாத்துறதுக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்க. இந்த ஆபீஸ்ல மிட்டுதி. கதவு சாத்தப்படலைன்னா அந்த ஆளுக்கு என்னமோ ஆயிருக்கு. இதைத் தவிர வேற எதுவும் என் புத்தியில ஏறல. உள்ள சூடான பாகம் இருக்கு, கரண்டு இருக்கு, தாள் எடுக்கிறதுக்குக் கையை உள்ள விடுறது அவங்கதான். சாஹா பாபுகிட்ட மெல்ல, இந்த மெஷின் முன்ன எங்க ஓடிச்சுன்னு கேட்டேன். "கப்பல்ல வந்த சாமானுக்குப் பூர்வீகம் கேக்கறியா, மாப்பிள்ளை பாக்கப் போறியா"ன்னாரு.

யார்கிட்ட சொல்றது? வக்கீல் ஆபீஸ்ல சொன்னா முதல்ல கேப்பாங்க, தொண்ணூத்தாறாயிரம்னு வித்த மெஷின் முன்னாடியே இந்த நம்பரை எப்படித் தொட்டுச்சுன்னு. கவுன்டர் திருப்பினதை ஒத்துக்கணும். வக்கீல் ஆபீஸ் சார், போலீசுக்கே போவாங்க, என் வேலையும் போகும். இதை நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல, என் வாயைக் கட்டினது இந்தப் பயம்தான். மிட்டுதிகிட்ட மட்டும், கதவுக் கோடு வந்தா கையை உள்ள விடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லி வெச்சேன். "கதவைச் சாத்தறதுக்கு உன்னைக் கூப்பிடணுமா, எனக்குக் கை இல்லையா"ன்னாங்க.

புரட்டாசி பொறந்துச்சு. விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு இங்க எவனும் மெஷினைத் தொட மாட்டான், மிட்டுதி அதுக்குச் சிந்தூரம் வெச்சு, மாலை போட்டு, பக்கத்துல தட்டுல வெள்ளரிக்காயும் இனிப்பும் வெச்சிருந்தாங்க. நமக்கு ஆயுத பூஜைதான், இதெல்லாம் இவங்க வழக்கம்னு ஒவ்வொரு வருஷமும் ஒதுங்கி நிக்கிறவன், அந்த வருஷம் மட்டும் போயிக் கும்பிட்டேன். அன்னிக்குக் கவுன்டர் நகரல. தினமும் விஸ்வகர்மா பூஜையாவே இருக்கக் கூடாதான்னு மனசார நினைச்சேன், நாத்திகம் பேசுறவன் வேண்டிக்கிட்ட லட்சணம் அது.

எட்டாவது வரியும் வந்து போச்சு. கவுன்டர் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்தைத் தொட்டதும் போயி, பரிசோதனை பண்றேன்னு சொல்லி, உள்ள ஒரு சின்ன போர்டைக் கழட்டி என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். பார்ட்ஸ் வரணும், பூஜை லீவு முடிஞ்சுதான்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கினேன். மூணாவது நாள், நல்ல மழை, நான் லேக் மார்க்கெட்ல ஒரு பேங்க் மெஷினைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன், மத்தியானம் மூணு மணி இருக்கும், மிட்டுதி போன். "செல்பம், உனக்கு அலைச்சல் வேண்டாம்னு சொல்லத்தான் பண்றேன், உங்க பாபன் வந்து போர்டு போட்டுக் குடுத்துட்டான், ஜோரா ஓடுது." பாபன் எங்க கம்பெனிப் பையன்தான், வேலை தெரிஞ்சவன். கோர்ட்டு லீவு விடறதுக்கு முன்னாடி பெரிய கேஸ் ஒண்ணு தாக்கல் பண்ணணும்னு வக்கீல் ஆபீஸ்ல சாஹா பாபுவைப் புடிச்சிருக்காங்க, அவரு இவனை அனுப்பிட்டாரு. திரையில நம்பர் எவ்வளவுன்னு மிட்டுதிகிட்ட கேட்டேன். நிதானமாப் படிச்சாங்க. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து இருநூத்தி நாப்பது. அத்தோட நிறுத்துங்க, நான் வரேன்னேன். நிறுத்த முடியாது, நாலரைக்குள்ள தாக்கல் பண்ணணும், நீ வா, டீ சொல்லி வைக்கிறேன்னு போனை வெச்சுட்டாங்க.

பிரிச்ச மெஷினை அப்படியே போட்டுட்டு ஓடினேன். மெட்ரோவுல உக்கார இடம் இருந்தும் உக்கார முடியல, கதவுகிட்டயே நின்னேன். டல்ஹௌசியில முழங்கால் தண்ணி. அந்தக் கட்டடத்து லிப்ட் வேலை செய்யல, மூணு மாடி ஏறி மூச்சு வாங்க உள்ள நுழைஞ்சா மிட்டுதி நின்னுக்கிட்டு தாள் போட்டுக்கிட்டிருக்காங்க. நம்பரோட கடைசி மூணு இலக்கம் முன்னூத்தி எழுபத்தி ரெண்டு. நேராப் போயி சுவத்துலேர்ந்து பிளக்கைப் புடுங்கினேன்.

அவ்வளவுதான், பொரோபாபு வந்துட்டாரு, அதாவது ஹெட் கிளார்க். பைத்தியமா உனக்கு, இன்னும் முப்பத்தஞ்சு பக்கம்தான் பாக்கி, கீழ டாக்ஸி நிக்குதுன்னு கத்தினாரு. வெளியில கடையில போட்டுக்கங்கன்னேன். அசல் பத்திரம், மழையில வெளிய அனுப்ப மாட்டோம், அது எங்க விதின்னாரு. அவர் சொன்னது நியாயம், என்கிட்ட சொல்றதுக்குக் காரணம் ஒண்ணும் இல்ல. இருக்கிற காரணத்தைச் சொன்னா ஒண்ணு என்னை அடிச்சிருப்பாரு இல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாரு. முப்பத்தஞ்சு பக்கம். முன்னூத்தி எழுபத்திரண்டோட முப்பத்தஞ்சைக் கூட்டிப் பாருங்க. நான் அங்கேயே நின்னு கூட்டினேன். நானூத்தி ஏழு. அந்த நானூத்தி ஆறு வர்றது கடைசிப் பக்கத்துக்கு ஒண்ணு முன்னாடி.

அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு. கதவு திறக்கத்தானே போகுது, திறக்கிற கை என் கையா இருந்துட்டுப் போகட்டும். என்ன வந்தாலும் எனக்கு வரட்டும். பெரிய தியாகம்னு சொல்லல சார், வேற வழி தெரியல, அவ்வளவுதான். பிளக்கைச் சொருகினேன். மிட்டுதியைத் தோளைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எனக்குப் பின்னாடி சுவத்தோரம் இருந்த நாற்காலியில உக்கார வெச்சேன். "நீங்க இதுலேர்ந்து எந்திரிக்கவே கூடாது, மெஷின் பக்கம் வரக்கூடாது, நான் போடறேன்"னேன். போட்டு முடிஞ்ச கட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க. "உனக்கு என்னமோ ஆயிடுச்சுடா இன்னிக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. நல்லா இருந்தாங்க சார். வேர்த்திருந்துச்சு, அந்த ரூம்ல யாருக்குத்தான் வேர்க்கல.

ஒண்ணு ஒண்ணாப் போட்டேன். ஒவ்வொரு தாளுக்கும் நம்பரைப் பார்த்தேன். எண்பது. தொண்ணூறு. நானூறு. நானூத்தி அஞ்சு. நானூத்தி ஆறு வெளிய வந்து விழுந்துச்சு, மெஷின் நின்னுச்சு, திரையில 083.

கதவு மூடித்தான் இருந்துச்சு. நான் தொடவே இல்ல. ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகல. கை இருக்கு, கால் இருக்கு. மூடின கதவுக்குத் திறந்திருக்குன்னு கோடு வந்தா கதவோரத்துல இருக்கிற சுவிட்ச் கோளாறு, நூத்துக்கு நூறு அதான். அந்த நிமிஷம் எனக்குள்ள எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது. அட, இவ்வளவுதானா, ஒரு சின்ன சுவிட்சுக்கா ஏழு மாசம் தூக்கத்தைத் தொலைச்சேன்னு இருந்துச்சு. திறந்து சாத்தினேன், போகல. மறுபடி சாத்தினேன், போகல. மண்டி போட்டு உக்காந்து சுவிட்சை ஸ்க்ரூ டிரைவரால அழுத்தினேன், போகல.

பின்னாடியிலிருந்து மிட்டுதி, "ஹொலோ?"ன்னாங்க. ஆச்சான்னு அர்த்தம்.

"இதோ தி, ஒரு நிமிஷம்"னேன். திரும்பல.

சுவிட்சைக் கழட்டினேன். ரெண்டு வயரையும் நேராச் சேர்த்துப் பார்த்தேன், அப்படிச் சேர்த்தா கதவே இல்லாட்டியும் மூடியிருக்குன்னுதான் காட்டணும். 083. ஆப் பண்ணி ஆன் பண்ணேன். 083. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி நான் பார்த்தது இல்ல. வேலை செய்யச் செய்ய வாய் பேசிக்கிட்டே இருந்துச்சு, மிட்டுதிகிட்டதான் பேசினேன், பயந்து போயிட்டேன் தி, உங்களுக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு நினைச்சு ஓடி வந்தேன், டீ சொல்லி வெச்சேன்னு சொன்னீங்களே எங்க, அப்படின்னு. கவுன்டர் திருப்பினதைக் கூடச் சொல்லிட்டேன். முதல் தடவையா ஒரு மனுஷங்ககிட்ட ஒத்துக்கிட்டேன், முதுகைக் காட்டிக்கிட்டு. பதில் இல்ல. கோபமா இருக்காங்கன்னு நினைச்சேன்.

பொரோபாபு வந்து ரூம் வாசல்ல நின்னாரு. "மிட்டு"ன்னாரு. அந்தக் குரல்ல திரும்பிப் பார்த்தேன். மிட்டுதியோட தலை சுவத்துல சாஞ்சிருந்துச்சு. மடியில கட்டு அப்படியே இருக்கு, ஒரு தாள் கூடக் கீழ விழல.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னப் பையன், ஹார்ட்டுன்னான். எப்ப நெஞ்சைப் புடிச்சாங்கன்னு கேட்டான், பக்கத்துல யார் இருந்தீங்கன்னு கேட்டான். நான்னு சொன்னேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டான். பத்துப் பன்னெண்டு நிமிஷம் இருக்கும்னேன். உடனே பார்த்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு சொல்லிட்டு, சொல்லியிருக்கக் கூடாதுன்னு அவனுக்கே பட்டிருக்கும், வேகமாப் போயிட்டான்.

ராத்திரி ரினி என்கிட்ட வந்தா. அழுது ஓஞ்சு போயிருந்தா. "மாமா, நீங்கதானே கூட இருந்தீங்க, மா கடைசியா என்ன சொன்னா"ன்னு கேட்டா. ஆச்சான்னு கேட்டாங்கம்மான்னு சொன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா. அவ நர்சுக்குப் படிக்கிற பொண்ணு, அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன அர்த்தம்னு என்னை விட அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை என்னைக் குத்தமாச் சொல்லல. சொல்லியிருக்கலாம்.

ஏழு மாசம் நான் அந்தப் பட்டியலைத் தப்பாப் படிச்சிருக்கேன் சார். கதவு யாரையும் ஒண்ணும் பண்ணல. எப்பன்னு மட்டும்தான் அது சொல்லிச்சு, நான் எதனாலன்னு படிச்சேன். அந்த நேரத்துல அவங்க முகத்தைப் பார்க்க வேண்டியவன் மெஷினைப் பார்த்துக்கிட்டிருந்தேன். முன்ன இந்த மெஷின் ஓடின ஊர்லயும் எவனோ ஒருத்தன் என்னை மாதிரி மண்டி போட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு, சுவிட்சை நோண்டியிருப்பான்னு எனக்குத் தோணும். தோணாத நாள் இல்ல.

மெஷினைத் திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. பாபன் போட்டுப் பார்த்தான், ஒரு கோளாறும் இல்ல, கதவுக் கோடும் இல்ல, பட்டியல் சுத்தமாக் காலியா இருக்குன்னான். உடைச்சுப் போடுங்கன்னு சாஹா பாபுகிட்ட சொன்னேன், கெஞ்சினேன், கவுன்டர் கதையை வெளிய சொல்லுவேன்னு மிரட்டினேன். சரி சரின்னாரு. நான் காய்ச்சல்ல படுத்த ரெண்டு நாள்ல லட்சத்துக்குக் கீழ திருப்பி யாருக்கோ தள்ளிட்டாங்க. பில் கிடையாது, எந்த ஊருன்னு பாபனுக்கும் தெரியல. அது தெரிஞ்ச அன்னிக்கே வேலையை விட்டேன்.

இப்ப ஒரு கம்பெனியில போன்ல உக்காந்திருக்கேன். எங்கெங்கேயோ இருந்து கூப்பிடுவாங்க, கோடைச் சொல்லுவாங்க, கவுன்டர் எவ்வளவுன்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டு என்ன பண்ணணும்னு நான் சொல்லுவேன். போன மாசம் மத்தியானம் ஒருத்தர் கூப்பிட்டாரு, மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்து கிளார்க், வயசான குரல். "083 காட்டுது, கதவு மூடித்தான் இருக்கு"ன்னாரு. மெஷினை விடுங்க சார், திரும்பிப் பாருங்க, உங்க ரூம்ல யார் இருக்காங்க, அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னேன். திரும்பிப் பார்த்திருப்பாரு போல. அப்புறம், "யாரும் இல்லையே, பசங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு, நான் மட்டும்தான் இருக்கேன்"னாரு.

நான் போனை வைக்க விடல. உக்காருங்க, தண்ணி குடிங்க, நெஞ்சு எப்படி இருக்கு, வீடு எங்க, பேரன் பேத்தி எத்தனைன்னு முக்கால் மணி நேரம் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன், வாட்ச்மேன் வந்து அவர் பக்கத்துல நிக்கிற வரைக்கும். அவருக்கு ஒண்ணும் ஆகல, என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாரு. வைக்கிறப்போ, கோடு தானாவே போயிடுச்சுப்பான்னு சொல்லிட்டு, "நீங்க எப்பவும் கவுன்டர் கேப்பீங்களே, படிக்கட்டுமா"ன்னு கேட்டாரு. வேண்டாம் சார்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.